ஸ்டோர்னவே முதல் நாகப்பட்டினம் வரை: சிறு கப்பலும் சிறு துறைமுகமும்

(இரும்புலியூரில் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஸ்காட்லாந்துத் துறைமுகங்களைப் பற்றி இரும்புலியூரில் பேசுவானேன் என்று அழைப்பிதழைப் பார்த்த சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நாம் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து கடல் தெரியாது. ஜி.எஸ்.டி. சாலை, ரயில் பாதை, பைபாஸ் மேம்பாலம், மிஞ்சியிருக்கும் ஏரி, இவைதான் நம் ஊர். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் வண்டலூர் போய், கேளம்பாக்கம் சாலையில் திரும்பி, கோவளம் வரை போக வேண்டும். ஆனாலும் அந்த வடகடல் ஊர்களுக்கும் நம் பகுதிக்கும் பழைய உறவு உண்டு. தாம்பரத்தில் ரயில் பாதைக்குக் கிழக்கே, சேலையூர்க் காட்டு மரங்களுக்கு நடுவே நிற்கும் கிறித்துவக் கல்லூரியை எல்லோரும் அறிவீர்கள். அதைக் கல்லூரியாக வளர்த்தெடுத்தவர் வில்லியம் மில்லர். 1838இல் தர்சோ என்ற ஊரில் பிறந்தவர். ஸ்காட்லாந்துப் பெருநிலத்தின் வடகோடியில், மீனும் பலகைக்கல்லும் ஏற்றுமதி செய்து பிழைத்த ஒரு சிறு துறைமுகம் அது.

அந்தக் கல்லூரியின் கதையை நான் இங்கே விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. எழும்பூரில் 1821இல் எழுந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் குருமார்கள் 1835இல் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். 1837இல் ஜான் ஆண்டர்சன் வந்து அதை ஏற்றார். 1862இல் மில்லர் வந்தார். 1877இல் சென்னைக் கிறித்துவக் கல்லூரி என்ற பெயர் வந்தது. 1937இல் பாரிமுனைப் பக்கத்திலிருந்து தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. மில்லர் திருமணம் செய்துகொள்ளவில்லை; சொந்தப் பணத்தையும் கல்லூரிக்கே செலவிட்டார்; 1907இல்தான் ஊர் திரும்பினார். இப்படி ஒருவரை அனுப்பிவைத்த ஊர் எப்படியிருக்கும் என்று போய்ப் பார்க்கும் ஆசை நமக்கு வர வேண்டாமா?

இன்று தாம்பரம், பெருங்களத்தூர், சேலையூர் பக்கத்தில் எத்தனையோ வீடுகளின் பிள்ளைகள் கிளாஸ்கோவிலும் எடின்பரோவிலும் அபர்தீனிலும் படிக்கிறார்கள். பட்டமளிப்புக்குப் பெற்றோர் போகிறார்கள். எடின்பரோக் கோட்டை, ஒரு நாள் பஸ் டூரில் நெஸ் ஏரி, கடைத்தெருவில் கம்பளிச் சால்வை. அத்தோடு திரும்பிவிடுகிறார்கள். அவர்களிடம் நான் எப்போதும் சொல்வது இதுதான்: இன்னும் நான்கு நாள் தங்குங்கள், மேற்குக் கரைக்குப் போங்கள், ஒரு சிறு கப்பலில் ஏறுங்கள். கடலோடிகளின் ஊரைக் கடலிலிருந்து வந்து இறங்கித்தான் பார்க்க வேண்டும். சாலை வழியே போகிறவன் அந்த ஊருக்குக் கொல்லைப்புறமாக நுழைகிறான்.

ஸ்காட்லாந்தின் வரைபடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதன் மேற்குக் கரை முழுக்கக் கிழிந்து கிடக்கும். பனியாறுகள் குடைந்த பள்ளத்தாக்குகளில் கடல் ஏறி நிற்கிறது. அவற்றை லாக் என்கிறார்கள். கரையை ஒட்டியே ஆழம், மலைகளுக்கு நடுவே அலையடங்கிய நீர். நாடு முழுவதும் தீவுகள் 700க்கும் மேல். மக்கள் வாழ்பவை நூறுக்கும் குறைவு. எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியும். சாலையில் சுற்றிக்கொண்டு போனால் பாதி நாள் ஆகும். படகில் முக்கால் மணி நேரம். அதனால் அங்கே படகுதான் ஆதி காலத்திலிருந்து சாலை. 563ஆம் ஆண்டில் அயர்லாந்திலிருந்து கொலும்பா என்ற துறவி அயோனாத் தீவில் வந்து இறங்கியதும் படகில்தான்.

சிறு கப்பல் என்று நான் சொல்வது எது? மூவாயிரம் பேரை ஏற்றிக்கொண்டு, நீச்சல்குளமும் நாடக அரங்கும் சுமந்து வரும் கப்பலைச் சொல்லவில்லை. அது அங்குள்ள டோபர்மோரி போன்ற சிற்றூரின் படகுத்துறைக்கு வரவே முடியாது. வந்து நங்கூரம் பாய்ச்சினாலும், ஆயிரம் பேர் வாழும் ஊரில் மூவாயிரம் பேர் இறங்கினால் அது ஊராக இருக்காது. மேற்குக் கரையில் ஓடும் சிறு கப்பல்களில் பல 12 பேரை மட்டுமே ஏற்றுகின்றன. அந்த எண்ணுக்குக் காரணம் உண்டு. சர்வதேசக் கடல் பாதுகாப்பு விதிகளின்படி 12 பயணிகளுக்கு மேல் ஏற்றினால் அது பயணிகள் கப்பல். கட்டுமானம், தீத்தடுப்பு, உயிர்காப்புப் படகு எல்லாவற்றுக்கும் விதிகள் கடுமையாகிவிடும். 12க்குள் நின்றால் ஒரு பழைய மீன்பிடி இழுவைக் கப்பலையே செப்பனிட்டு, ஆறு அறைகள் வைத்து, ஒரு சில பணியாளர்களோடு நடத்த முடியும். மேற்குக் கரையில் அப்படித்தான் நடத்துகிறார்கள்.

கொஞ்சம் பெரியது வேண்டுமென்றால் ஹெப்ரிடியன் பிரின்சஸ். அதன் கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1964இல் அபர்தீனில் கட்டப்பட்டபோது அதன் பெயர் கொலும்பா. கார்களையும் தீவு மக்களையும் ஏற்றி இறக்கிய சாதாரணப் படகுச் சேவைக் கப்பல். ஓய்வு பெறும் வயது வந்ததும் உடைக்க அனுப்பாமல், 1989இல் ஏறத்தாழ 50 பேர் தங்கும் உல்லாசக் கப்பலாக மாற்றினார்கள். 2006இல் எலிசபெத் அரசியார் தம் எண்பதாவது பிறந்தநாளை ஒட்டி அதை வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தோடு தீவுகளைச் சுற்றினார். வேவர்லி என்று ஒரு துடுப்புச்சக்கர நீராவிக் கப்பலும் இருக்கிறது. 1946இல் கிளாஸ்கோவில் கடலில் இறக்கியது. தொழில் நலிந்ததும் 1974இல் பழைய கப்பல் ஆர்வலர் சங்கத்துக்கு ஒரே ஒரு பவுண்டுக்கு விற்றார்கள். அவர்கள் நன்கொடை திரட்டிப் பழுதுபார்த்து ஓட்டுகிறார்கள். கடலோடும் பயணிகள் துடுப்புச்சக்கரக் கப்பல்களில் உலகத்திலேயே மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.

ஹெப்ரிடியன் பிரின்சஸில் ஒரு வாரம் என்றால் ஆயிரக்கணக்கான பவுண்டு ஆகும். நம்மில் பெரும்பாலோருக்கு அது கட்டுப்படியாகாது. நான் உங்களுக்குச் சிபாரிசு செய்வது கேல்மேக். 1973இல் இரண்டு பழைய கம்பெனிகளை இணைத்து உருவான, ஸ்காட்லாந்து அரசுக்குச் சொந்தமான கப்பல் சேவை. தீவுக்குத் தீவு டவுன் பஸ் போல ஓடுகிறது. பள்ளிப் பிள்ளைகள், தபால் மூட்டை, ஆட்டுக்குட்டிகள், சவப்பெட்டி எல்லாம் அதில்தான் போகும். கார் இல்லாமல் நடந்து ஏறினால் குறுகிய தூரங்களுக்குச் சில பவுண்டுதான் கட்டணம். அதிலும் ஒரு கொள்கை இருக்கிறது. அதே தூரத்தைச் சாலையில் காரோட்டிக் கடந்தால் என்ன செலவாகுமோ அதை அடிப்படையாக வைத்துக் கடல் கட்டணத்தைக் கணக்கிடுகிறார்கள். 2008இல் சோதனையாகத் தொடங்கி மேற்குக் கரை முழுவதற்கும் விரித்தார்கள். தீவில் பிறந்தவன் தீவில் பிறந்ததற்காகக் கூடுதல் பணம் கட்டக்கூடாது என்பது அதன் பொருள். இந்த ஒரு முடிவை நான் பெரிதும் மதிக்கிறேன்.

எல்லாம் அங்கே சரியாக நடக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். கப்பல்கள் பழசாகிவிட்டன, அடிக்கடி சேவை ரத்தாகிறது. 2015இல் ஆர்டர் கொடுத்த கிளென் சானக்ஸ் என்ற கப்பல் 2025 ஜனவரியில்தான் பயணிகளை ஏற்றியது. தீவு மக்கள் கோபத்தில் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் கோபப்படுவதே, கப்பல் வர வேண்டியது தங்கள் உரிமை என்று நினைப்பதால்தான். நம் கடற்கரை ஊர்களில் அப்படிக் கோபப்பட ஆள் இல்லை. நின்றுபோன கப்பலை நாம் கேட்பதே இல்லை.

இனி ஊர்களுக்கு வருவோம். ஓபன் என்ற ஊரிலிருந்து பெரும்பாலான பயணங்கள் தொடங்கும். கிளாஸ்கோவிலிருந்து ரயில் நேரே அங்கே வரும். ஸ்டேஷனும் கப்பல்துறையும் பக்கத்தில் பக்கத்தில். பெருக்கு நாட்களில் அங்கே கடல் மூன்று மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது. சென்னையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டரைச் சுற்றித்தான். அதனால் அங்கே மாலுமி எந்த முடிவையும் ஓதத்தைப் பார்த்துத்தான் எடுப்பான். ஜூரா, ஸ்கார்பா என்ற தீவுகளுக்கு நடுவே காரிவ்ரெக்கன் என்ற பெரிய நீர்ச்சுழி உண்டு. ஓதம் மாறும் நேரம் பார்த்துத்தான் அதைக் கடக்கலாம். டோபர்மோரியும் அல்லபூலும் 1788இல் பிரிட்டிஷ் மீன்வளக் கழகம் திட்டமிட்டுக் கட்டிய ஊர்கள். ஹெர்ரிங் என்ற மீனுக்காகவே எழுந்த தெருக்கள். நம் சாளை, கவலை மீன்களுக்கு உறவு அது. அந்த மீன் கூட்டம் கூட்டமாகக் கரையோரம் நகர, அதன் பின்னாலேயே பெண்கள் துறைமுகம் துறைமுகமாகப் போய், கத்தியால் குடலெடுத்து, உப்பிட்டுப் பீப்பாயில் அடுக்கினார்கள். அந்தப் பீப்பாய்கள் ஜெர்மனிக்கும் ரஷ்யாவுக்கும் போயின. முதல் உலகப் போர் அந்தச் சந்தையை அழித்தது.

கின்டயர் என்ற நீண்ட நிலநாக்கின் நுனியருகே காம்பெல்டவுன் இருக்கிறது. சுற்றுலாக்காரர்கள் அந்த ஊரின் விஸ்கியைப் பற்றிப் பேசுவார்கள். நான் சொல்ல வருவது வேறு. 1823இல் அங்கே பிறந்த வில்லியம் மக்கின்னன் கல்கத்தாவுக்கு வந்து, 1856இல் பர்மாவுக்குத் தபால் ஏற்றும் கப்பல் கம்பெனி ஒன்றைத் தொடங்கினார். 1862இல் அது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி ஆயிற்று. இந்தப் பெயரைக் கேட்டதும் உங்களுக்குத் தூத்துக்குடி நினைவுக்கு வர வேண்டும். மக்கின்னன் இறந்து பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1906இல், அந்தக் கம்பெனியை எதிர்த்துத்தான் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். மூலதனம் பத்து லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய், தலைவர் பாண்டித்துரைத் தேவர். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் ஓடியது. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் இலவசமாக ஏற்றிக் குடையும் கொடுத்தது என்று நம் ஊர்களில் இன்றும் சொல்வார்கள். 1908இல் வ.உ.சி. சிறை சென்றார்; கம்பெனி 1911இல் கலைந்தது. காம்பெல்டவுனில் இறங்கும் ஒரு தமிழர் அந்தப் படகுத்துறையில் நின்று இதை நினைக்க வேண்டும் என்பது என் விருப்பம். பகைக்காகச் சொல்லவில்லை. ஒரு சிறு துறைமுகத்துக்காரன் உலகத்தின் கடல்வழிகளைத் தன் கைக்குள் கொண்டுவந்தான். இன்னொரு சிறு துறைமுகத்துக்காரர் அவன் கம்பெனியை எதிர்த்து நின்றார். இரண்டு பேருக்கும் கடல் தெரிந்திருந்தது.

இப்போது ஸ்டோர்னவே. அல்லபூலிலிருந்து கேல்மேக் கப்பலில் ஏறினால் இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல். லூயிஸ் தீவின் தலைநகர். துறைமுகத்துக்குள் நுழையும்போது ஒரு கோட்டை மாளிகை தெரியும். 1844இல் அந்தத் தீவை விலைக்கு வாங்கிய ஜேம்ஸ் மாத்திசன் கட்டியது. சீனாவுக்கு அபினி விற்றுச் சேர்த்த பணம். அந்த அபினி விளைந்தது நம் நாட்டு வயல்களில். அழகான மாளிகைதான், ஆனால் பார்க்கும்போது இது மனதில் இருக்கட்டும்.

இந்த ஊரில் 1754இல் பிறந்தவர் கோலின் மெக்கன்சி. இளமையில் ஊர்ச் சுங்க அலுவலகத்தில் வேலை பார்த்தார். 1783இல் சென்னை வந்து கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் பொறியாளராகச் சேர்ந்தார். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையில் இருந்தார். அதன்பின் மைசூர் நாட்டை அளந்தார். 1810இல் சென்னை மாகாணத்தின் தலைமை நில அளவையாளர். 1815இல் இந்தியா முழுவதற்கும் முதல் தலைமை நில அளவையாளர். 1821இல் கல்கத்தா அருகே இறந்தார். ஊர் திரும்பவே இல்லை.

நிலத்தை அளந்ததோடு அவர் நின்றிருந்தால் நாம் அவரை நினைக்க வேண்டியதில்லை. ஊர் ஊராக ஆளனுப்பி, கோயில் கல்வெட்டுகளைப் படியெடுக்கச் செய்தார். ஊர்ப் பெரியவர்களிடம் ஊர் வரலாற்றைக் கேட்டு எழுதச் செய்தார். அந்தப் பதிவுகளைக் கைபீது என்கிறோம். இதில் அவருக்கு வலது கையாக இருந்தவர்கள் காவலி வெங்கட போரய்யா, லட்சுமய்யா என்ற தெலுங்குச் சகோதரர்கள். அவர்களும் அவர்களோடு சேர்ந்த தமிழ், கன்னட, மராத்திப் பண்டிதர்களும் இல்லாவிட்டால் மெக்கன்சிக்கு ஒரு வரி கிடைத்திருக்காது. தொண்டைமண்டலத்துக் குறும்பர் கோட்டைகளைப் பற்றிய செவிவழிச் செய்திகள், புழல் கோட்டைக் கதை, வயல்வெளிகளில் கிடந்த பாண்டுகுழிகள் எனும் பழங்காலப் புதைகுழிகள் என்று நம் சுற்றுவட்டாரத்தைப் பற்றியே எவ்வளவோ அந்தத் தொகுப்பில் இருக்கிறது. தமிழ்ச் சுவடிகள் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்தில் இயங்கும் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கின்றன.

கேட்டு எழுதிவைக்கும் அந்தப் பழக்கம் மெக்கன்சிக்கு எங்கிருந்து வந்தது? என் எண்ணத்தைச் சொல்கிறேன். சுங்க அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவனின் வேலை, வருகிற ஒவ்வொரு கப்பலும் எங்கிருந்து வருகிறது, எதை ஏற்றி வருகிறது, யாருக்கு என்று கேட்டு எழுதுவது. நார்வேக்காரனும் டச்சுக்காரனும் அயர்லாந்துக்காரனும் வந்துபோகும் சிறு துறைமுகத்தில் வளர்ந்த பையன், அந்நியனிடம் கேள்வி கேட்கக் கூச்சப்படமாட்டான். பெருநகரத்திலிருந்து வந்த எத்தனையோ அதிகாரிகளுக்கு இந்த ஊர்க் கதைகளைக் கேட்கத் தோன்றவில்லை. ஸ்டோர்னவேக்காரருக்குத் தோன்றியது.

அதே துறைமுகத்தின் வாயிலில் 1919 புத்தாண்டு நாளின் அதிகாலையில் அயொலெய்ர் என்ற கப்பல் பாறையில் மோதி மூழ்கியது. போர் முடிந்து வீடு திரும்பிய கடற்படை வீரர்கள் அதில் இருந்தார்கள். ஊர் விளக்குகள் கண்ணுக்குத் தெரிய, கரைக்கு மிக அருகில், 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிறிய தீவு, ஏறக்குறைய ஒவ்வொரு கிராமத்திலும் இழவு. நான்கு ஆண்டு கழித்து, 1923 ஏப்ரலில், மெடகாமா என்ற கப்பல் ஸ்டோர்னவேக்கு வந்து, ஏறக்குறைய 300 பேரைக் கனடாவுக்கு ஏற்றிப்போனது. பெரும்பாலும் இளைஞர்கள்.

மெடகாமாவைக் கட்டியது கிளாஸ்கோவில் பார்க்ளே கர்ல் என்ற கப்பல் தளம். அதே தளம் 1926இல் இன்னொரு கப்பலைக் கட்டியது. அதன் பெயர் ரஜுலா. சபையில் எழுபது வயதைத் தாண்டியவர்கள் சிலருடைய முகம் மாறுவதைப் பார்க்கிறேன். ஆம், அதே ரஜுலாதான். சென்னையில் புறப்பட்டு, நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றி, பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் போய்வந்த கப்பல். 1970களின் தொடக்கம் வரை ஓடியது. மலேயாவின் ரப்பர் தோட்டத்துக்குப் போனவர்கள், கடை வைக்கப் போனவர்கள், கல்யாணமாகிப் புருஷன் வீட்டுக்குப் போன பெண்கள் என்று தமிழ்நாட்டின் ஒரு தலைமுறையே அதன் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தது. அதை நடத்தியது மக்கின்னனின் அதே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி. கிளாஸ்கோவின் கிளைட் ஆற்றங்கரையில் ஒரே தளத்தில் ஆணி அறைந்த இரண்டு கப்பல்கள். ஒன்று லூயிஸ் தீவை வெறுமையாக்கிப் போனது, மற்றொன்று நாகைப் பக்கத்துக் கிராமங்களை.

இதற்கு அப்பால் இருக்கும் ஊர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேற்கே அட்லாண்டிக் நடுவே செயின்ட் கில்டா. கடற்பறவைகளைப் பிடித்துப் பிழைத்த மக்கள் 36 பேர் எஞ்சியிருந்தபோது, 1930 ஆகஸ்ட் 29 அன்று தாங்களே கேட்டுக்கொண்டபடி தீவை விட்டு வெளியேறினார்கள். அங்கே சிறு கப்பலில்தான் போக முடியும். குடாவில் நங்கூரம் பாய்ச்சி ரப்பர் படகில் இறங்க வேண்டும். அலை இருந்தால் இறங்காமலே திரும்பிவிடுவார்கள். வடக்கே ஓர்க்னித் தீவுகள். கர்க்வாலில் 1137இல் தொடங்கிய செந்நிறக் கல் தேவாலயம். அங்கிருந்து ஸ்ட்ரோம்னெஸ்; அங்கே கப்பலேறினால் ஒன்றரை மணி நேரத்தில் தர்சோ அருகே ஸ்கிராப்ஸ்டர் துறை. வழியில் கடலுக்குள் தனியே 137 மீட்டர் உயரத்தில் நிற்கும் ஹோய் பாறைத்தூண். மில்லரின் ஊருக்கு இந்த வழியாக வந்து இறங்குங்கள். சிறு உல்லாசக் கப்பல்களின் பயணம் ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான். பஃபின் என்ற வண்ண மூக்குப் பறவையைப் பார்க்க ஆசைப்பட்டால் மே, ஜூன், ஜூலை. ஆகஸ்டில் அவை கடலுக்குப் போய்விடும்.

இவ்வளவும் சொன்ன பிறகு நம் கரைக்கு வராமல் போக முடியாது. தமிழ்நாட்டுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை. சென்னையிலிருந்து தெற்கே நினைத்துப் பாருங்கள். கோவளம், மாமல்லபுரம், டச்சுக்காரர்களின் கோட்டை நிற்கும் சதுரங்கப்பட்டினம், புதுச்சேரி, கடலூர், போர்த்துக்கீசியரும் பின்னர் இரும்பு ஆலைக்காரரும் இருந்த பரங்கிப்பேட்டை, பூம்புகார், 1620இல் டேனிஷ்காரர் கோட்டை கட்டிய தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம். இவ்வளவு குறுகிய கரையில் இத்தனை நாட்டுக் கப்பல்கள் வந்து நின்ற துறைகள் உலகில் வேறெங்கே இருக்கின்றன? ஸ்காட்லாந்தின் எந்தப் பகுதிக்கும் இது குறைந்ததல்ல. ஆனால் நாம் இவை எல்லாவற்றையும் ஈ.சி.ஆரில் காரில் போய்ப் பார்க்கிறோம். மாமல்லைக் கடற்கரைக் கோயில் கடலோடிகளுக்கு அடையாளமாக நின்றது. ஏழு கோயில்கள் என்று அவர்கள் அதைக் குறித்துவைத்தார்கள். அதைக் கடலிலிருந்து பார்த்தவர் இந்தச் சபையில் எத்தனை பேர்? மீனவர் வீட்டிலிருந்து வந்தவர்களைத் தவிர ஒருவரும் இருக்கமாட்டோம்.

நம் கரையின் குறைகளையும் மறைக்கக்கூடாது. நமக்கு லாக் கிடையாது. திறந்த கரை, ஓயாத அலை. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மணல் வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும், முகத்துவாரங்கள் மூடிக்கொள்ளும். சென்னைத் துறைமுகத்துச் சுவர் எழுந்ததும் தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்து, வடக்கே ராயபுரத்தில் கடல் அரித்தது இதனால்தான். துறைமுகம் வருவதற்கு முன் கப்பல்கள் தொலைவில் நிற்க, கயிற்றால் தைத்த மசூலாப் படகில்தான் ஆளும் சரக்கும் கரைக்கு வந்தன. வாடைக் காற்றும் புயலும் அடிக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை சிறு கப்பல் ஓட்டவே முடியாது. இத்தனையும் இருந்தும் நம் முன்னோர் ஓட்டினார்கள். தூத்துக்குடித் தோணிகள் உப்பும் காய்கறியும் கட்டுமானச் சரக்கும் ஏற்றி இன்றைக்கும் மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் போகின்றன. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே 1914 முதல் ஓடிய போட் மெயில் கப்பல், 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் ராமேஸ்வரத்திலிருந்து ஓடியது; 1984 வரை.

2022 ஜூனில் சென்னையிலிருந்து ஒரு பெரிய உல்லாசக் கப்பல் புறப்பட்டது. விசாகப்பட்டினம் போனது, புதுச்சேரியில் அனுமதி கிடைக்கவில்லை. அந்த அளவுள்ள கப்பல் தரங்கம்பாடிக்கும் பரங்கிப்பேட்டைக்கும் எந்தக் காலத்திலும் வராது. நமக்கு வேண்டியது அதுவல்ல. நம் நாட்டிலேயே நல்ல மாதிரி இருக்கிறது. கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்கு அரசு நடத்தும் சமுத்திரம் என்ற சுற்றுலாவில், இரவெல்லாம் கப்பல் ஓடும். பகலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் என்று தீவுக்குத் தீவு இறங்கிப் பார்க்கலாம். கப்பல் அணைய முடியாத இடத்தில் சிறு படகுகள் வந்து ஆட்களை ஏற்றிப்போகும். ஸ்காட்லாந்தில் நடப்பதும் இதேதான்.

நம் கரைக்கு நான் ஒரு யோசனை சொல்கிறேன். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக்கிடக்கின்றன; தொழிலாளர் வீட்டில் வருமானம் இல்லை. 12 பேரோ 50 பேரோ ஏறும் சிறு கப்பல் சென்னையிலிருந்து கிளம்பி, மாமல்லைக்கு நேரே ஓர் இரவு நங்கூரம் பாய்ச்சி, புதுச்சேரி, பரங்கிப்பேட்டை, தரங்கம்பாடி, நாகை என்று ஒரு வாரம் போகட்டும். கப்பலிலிருந்து கரைக்கு ஆள் கொண்டுவரும் வேலை அந்தந்த ஊர் மீனவருக்கே போகட்டும். எந்த முகத்துவாரத்தில் எந்த நாளில் எவ்வளவு தண்ணீர் என்று அவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. நாட்டுப்படகுகள் அப்போதும் தொழிலில் இருக்கும். அவர்கள் வலை விரிக்கும் இடத்தைக் கேட்டறிந்து கப்பலின் பாதையை வகுக்க வேண்டும். வலையை அறுத்துக்கொண்டு போகும் உல்லாசம் நமக்கு வேண்டாம். மே மாதத்தில் புயல் வரக்கூடும். வந்தால் பயணத்தை நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். செயின்ட் கில்டாவிலும் அதைத்தான் செய்கிறார்கள்.

இதெல்லாம் வெறும் கனவு என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்குச் செரியபாணி என்ற பயணிகள் கப்பல் கிளம்பியது. 150 பேர் ஏறலாம். மழைக்காலம் குறுக்கிட்டு நின்றது. 2024 ஆகஸ்ட் 16 முதல் சிவகங்கை என்ற கப்பல் அதே பாதையில் ஓடத் தொடங்கியது. ஏறத்தாழ 60 கடல் மைல். நான்கு மணி நேரத்துக்குள் போய்விடலாம். மக்கின்னனின் கம்பெனி ரஜுலாவில் ஆள் ஏற்றிய அதே நாகையில், இப்போது பயணிகள் முனையம் இருக்கிறது, குடிநுழைவுச் சோதனை இருக்கிறது, சுங்கம் இருக்கிறது. நாகைக்கு வடக்கே காரைக்காலும் தரங்கம்பாடியும் சில மணி நேரப் பயணம். பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் முதலில் அந்தக் கப்பலில் ஏறிக் காங்கேசன்துறைக்குப் போய்வாருங்கள். ஆள் ஏறினால்தான் கப்பல் ஓடும். அது ஓடினால்தான் அடுத்த துறைக்கும் ஒன்று கேட்க முடியும். நாகைக்கு நம் பக்கத்திலிருந்தே பஸ் இருக்கிறது.